டாக்டர் அறையில் ரஷ்ய மொழி: உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

ப்ரூக்ளினிலிருந்து:

எழுபதுகளில் மாஸ்கோ லுமும்பா பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவன் நான். அங்கே கற்ற ரஷ்ய மொழிக்கு ஓய்வு பெற்ற பிறகுதான் வேலை வந்தது. இங்கே நியூயார்க்கில், பிரைட்டன் பீச் பகுதியில் ரஷ்ய மொழி பேசும் முதியவர்களுக்கு உதவும் ஒரு சிறிய தன்னார்வக் குழுவில் இருக்கிறேன். குழுவில் எல்லோருமே வயதானவர்கள். ஒடெசாவில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர், கீவில் நர்ஸாக இருந்தவர், நான்.

இத்தனை வருடம் இங்கே இருந்தும் ஆங்கிலம் வரவில்லையா என்று சிலர் கேட்பார்கள். சோவியத் உடைந்த சமயத்தில் ஐம்பது, அறுபது வயதில் வந்தவர்கள் இவர்கள். கடை, பத்திரிகை, குடும்ப டாக்டர் எல்லாம் ரஷ்ய மொழியிலேயே கிடைத்தன. இதய நிபுணரிடம் அனுப்பும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

டாக்டர் அறைக்குள் மொழிபெயர்ப்பது எங்கள் வேலை இல்லை. அதற்குத் தகுதியான மொழிபெயர்ப்பாளரை ஆஸ்பத்திரி இலவசமாகத் தரவேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். அவசர நிலை தவிர, பேரக்குழந்தையை மொழிபெயர்க்க வைக்கவும் கூடாது. எங்கள் வேலை அதற்கு முன்னால். வீட்டுக்குப் போய், சமையலறை மேஜையில் உட்கார்ந்து, எல்லா மருந்தையும் எடுத்து வைக்கச் சொல்லிப் பட்டியல் எழுதுவோம்.

ஒரு பாட்டிக்கு வார்ஃபரின் கொடுத்திருந்தார்கள், ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு நிலைக்கவே இல்லை; டாக்டர் மருந்தைக் கூட்டிக்கொண்டே போனார். மாத்திரைப் பெட்டி சரியாகத்தான் இருந்தது. ஆனால் அறையில் புதினா கலந்த ஒரு நெடி. மாஸ்கோவில் எங்கள் விடுதிக் காவல்காரப் பெண்மணியின் மேஜையிலும் அதே நெடி இருக்கும். அங்கே பலர் வீட்டில் வைத்திருக்கும் சொட்டு மருந்து அது. "கொர்வலோல் போடுகிறீர்களா?" என்றேன். "அதுவா? படபடப்பு வந்தால் இருபது சொட்டு, தூங்கப் போகும்முன் இருபது சொட்டு. அதையெல்லாம் மருந்து என்று யார் சொல்வார்கள்?"

அந்தச் சொட்டில் ஃபீனோபார்பிட்டால் என்ற தூக்க மருந்து இருக்கிறது. அது வார்ஃபரினின் வேலையைக் குறைத்துவிடும். சொட்டைச் சட்டென்று நிறுத்தினாலும் ஆபத்து, ஏற்கெனவே கூட்டிய வார்ஃபரின் ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடும். டாக்டரிடம் எழுதிக் கொடுத்தோம். அவர் ரத்தப் பரிசோதனை பார்த்துப் பார்த்து இரண்டையும் படிப்படியாகக் குறைத்தார். எந்த மொழிபெயர்ப்பாளர் வந்திருந்தாலும், பாட்டி சொல்லாததை எப்படிச் சொல்வார்?

சர்க்கரைக் கணக்கும் அப்படித்தான். ஊரிலிருந்து கொண்டுவந்த கருவி 9 என்று காட்டும், அங்கே அலகு மில்லிமோல்/லிட்டர். இங்கே மில்லிகிராம்/டெசிலிட்டர், அதில் அது 162. "ஒன்பது" என்று மட்டும் சொன்னால் டாக்டர் மூன்று மாத சராசரியைக் காட்டும் பரிசோதனையின் 9 சதவீதம் என்று எடுத்துக்கொள்ளலாம். அதனால் எங்கள் பட்டியலில் எண்ணுக்குப் பக்கத்தில் அலகையும் கட்டாயம் எழுதுகிறோம்.

அஷ்டோட்டிலிருந்து:

ஐயா, நான் இஸ்ரேலில் ஒரு ரஷ்ய அம்மாவைப் பராமரிக்கிற வேலையில் இருக்கிறேன். சொந்த ஊர் வவுனியா. எனக்கு ஹீப்ரு கொஞ்சம் வரும், ரஷ்யன் தெரியாது. அவவுக்கு ரஷ்யன் மட்டும்தான். 2011இல் சுகாதார அமைச்சு மொழி வசதி செய்யச் சொல்லி விதி கொண்டுவந்தது; கிளினிக்கில் ரஷ்யனில் பலகை எல்லாம் இருக்கு. ஆனாலும் அம்மா எந்த டொக்டரிடம் போனாலும் "நல்லா இருக்கிறேன்" என்றுதான் சொல்லுவா. இரவில் தலைசுற்றி விழப்பார்க்கிறது எனக்குத்தான் தெரியும்.

முன்பு பல் வைத்தியராக இருந்த ஒரு பென்ஷன்காரர் தொண்டராக வருவார். அவர் முதலில் என்னிடம் ஹீப்ருவில் கேட்டார், பிறகு அம்மாவை ரஷ்ய மரியாதைப்படி அவவின் பெயரோடு தகப்பன் பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டு, ரஷ்யனில் மெதுவாக விசாரித்தார். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது: பகலில் மறந்த பிரஷர் குளிசையையும் சேர்த்து, இரவில் இரண்டாகப் போட்டிருக்கிறா. என்னிடம் சொன்னால் மகளுக்குப் போய்விடும் என்ற பயம். தன் வயதுக்காரரிடம் சொல்ல அவவுக்கு வெட்கமில்லை.

ப்ரூக்ளினிலிருந்து மறுபடியும்:

தங்கச்சி, அந்தப் பயம் இங்கேயும் உண்டு. குடும்பத்தார் நோயாளியிடம் மறைப்பதும் உண்டு. சோவியத் காலத்தில் புற்றுநோய் என்றால் குடும்பத்தாரிடம் சொல்வார்கள், நோயாளியிடம் சொல்ல மாட்டார்கள். அதே பழக்கத்தில் மகன்கள் எங்களிடம் "அம்மாவுக்குத் தெரியவேண்டாம்" என்று கேட்கிறார்கள். நாங்கள் ஒத்துக்கொள்வதில்லை. "எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று டாக்டர் உங்களையே கேட்கட்டும், சம்மதமா?" என்று அந்த அம்மாவிடமே கேட்டுவிடுவோம். பலரும் முழுவதும் தெரியவேண்டும் என்றுதான் சொல்கிறார்கள்.

இங்கே இருப்பவர்களுக்கு ஒன்று: நேரம் குறிக்கும்போதே ரஷ்ய மொழிபெயர்ப்பாளர், நேரில் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். அன்று காலையில் கேட்டால் பெரும்பாலும் தொலைபேசியில்தான் ஆள் கிடைப்பார். காது மந்தமானவர்களுக்கு அந்த ஒலிபெருக்கிச் சத்தத்தில் பாதி புரியாது, புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டு வந்துவிடுவார்கள்.