‘செல்லையா தாத்தா குடும்பம்’ வாட்ஸ்அப் குழு: மல்லி ஏன் சாப்பிடவில்லை?

காலை 6:50

கவிதா: மாமா, எழுந்துவிட்டீர்களா? எங்கள் முயல் மல்லி நேற்று ராத்திரியிலிருந்து எதையும் தொடவில்லை. கேரட்டை மூக்கருகே நீட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. மூலையில் ஒடுங்கியே உட்கார்ந்திருக்கிறது.

கவிதா: 📷 புகைப்படம்

செல்வி சித்தி: வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும் கவி. கொஞ்சம் ஓம வாட்டர் கொடுத்துப் பார்.

சுந்தர் அண்ணன்: நிலாவுக்கு வாங்கிய ஆன்டிபயாடிக் சிரப் மிச்சம் இருந்தால் இரண்டு சொட்டு விடலாமே?

முருகேசன் மாமா: யாரும் எதுவும் கொடுக்காதீர்கள். சுந்தர், அந்த சிரப்பில் அமாக்சிசிலின் இருந்தால் முயல் உயிருக்கே ஆபத்து. குடலில் செரிக்க வைக்கும் நல்ல கிருமிகள் செத்து, கெட்டது பெருகி, வயிற்றுப்போக்கில் போய்விடும்.

முருகேசன் மாமா: கவிதா, கூண்டுக்கு அடியில் இருக்கும் தட்டைப் பார். புழுக்கை கிடக்கிறதா? என்ன அளவு?

கவிதா: ரொம்பக் கொஞ்சம் மாமா. வழக்கத்தில் பாதி அளவுகூட இல்லை. இரண்டு மூன்று, முடியில் கோத்தபடி ஒட்டிக்கிடக்கிறது.

முருகேசன் மாமா: அப்படியென்றால் குடல் ஓட்டம் குறைந்துவிட்டது. முயலால் வாந்தி எடுக்க முடியாது, உள்ளே போனது கீழே நகர்ந்தே ஆக வேண்டும். நகராவிட்டால் வாயு கட்டி வலிக்கும், வலியில் இன்னும் சாப்பிடாது. 12 மணி நேரம் சாப்பிடாமல் கிடந்தாலே அவசரம்தான். நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டுவிடாதே. காதைத் தொட்டுப் பார். கூண்டு எங்கே இருக்கிறது?

கவிதா: காது கொதிக்கிறது. மாடி பால்கனியில் மாமா, மேலே தகரம்.

முருகேசன் மாமா: உடனே கீழே ஹாலுக்குக் கொண்டு வா. முயலுக்கு வியர்க்காது, சூட்டைக் காது வழியாகத்தான் விடும். ஈரத் துணியால் காதை ஒற்றி எடு, அது போதும். மேலே தண்ணீர் ஊற்றாதே. தூக்கும்போது நெஞ்சுக்கு அடியில் ஒரு கை, பின்பக்கத்தைத் தாங்கி ஒரு கை. பிடி சரியில்லாமல் உதறி உதைத்தால் அதன் முதுகெலும்பே ஒடியும்.

முருகேசன் மாமா: அப்புறம் நேரே தல்லாகுளம் கால்நடை மருத்துவமனை. அந்தப் புழுக்கையையும் ஒரு தாளில் மடித்து எடுத்துப் போ, டாக்டர் பார்க்கட்டும்.

பெரியம்மா: வாயில்லா ஜீவன். என்னவென்று சொல்லும் பாவம்? பார்த்ததும் எனக்கு ஒரு போன் போடு கவி.

காலை 11:25

கவிதா: வந்துவிட்டோம். டாக்டர் வயிற்றைத் தடவிப் பார்த்தார், பல்லையும் பார்த்தார். தோலுக்கு அடியில் திரவம் ஏற்றி, வலிக்கும் குடல் ஓட்டத்துக்கும் ஊசி போட்டார். புல்லை நைசாக அரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் கன்னத்தின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னார்.

முருகேசன் மாமா: நல்லது. ஒரேயடியாகப் பீய்ச்சாதே, புரை ஏறிவிடும். மென்று விழுங்கியதைப் பார்த்துவிட்டு அடுத்தது கொடு. தினமும் என்ன போடுகிறாய்?

கவிதா: காலையில் கேரட், மதியம் முட்டைக்கோஸ். நிலா பிஸ்கட் கொடுப்பாள். கடையில் கொடுத்த தீவனமும் உண்டு.

முருகேசன் மாமா: புல் எங்கே அம்மா? முயலின் சாப்பாட்டில் முக்கால்வாசிக்கு மேல் புல்லாகத்தான் இருக்க வேண்டும். நார் போனால்தான் குடல் ஓடும். முன்பல் மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வரை வளரும், புல்லை மென்றால்தான் தேயும். கேரட்டில் சர்க்கரை அதிகம், எப்போதாவது ஒரு சின்னத் துண்டு போதும். பிஸ்கட்டை நிறுத்திவிடு. முட்டைக்கோஸ் வாயு. பூக்கடையில் பிள்ளையாருக்கு விற்கிறார்களே அறுகம்புல், அதை நன்றாக அலசி, ஈரம் போக உதறிப் போடு. பாதியை நிழலில் காயவைத்துக்கொள். கொத்தமல்லித் தழை கொஞ்சம் போடலாம்.

கவிதா: தாத்தா, நான் நிலா. மல்லி சில நேரம் அதோட கக்காவையே சாப்பிடுது. தடுக்கவா?

முருகேசன் மாமா: தடுக்காதே கண்ணு. அது வேறு. மெத்தென்று பளபளப்பாக, குட்டித் திராட்சைக் கொத்து மாதிரி வரும். அதில் சத்து இருக்கிறது, மல்லி அதை இரண்டாம் முறை செரிக்கிறது. கெட்டியாக உருண்டையாக வருவதுதான் கழிவு. தினமும் அதை நீயே பார்த்து அம்மாவிடம் சொல், சரியா?

செல்வி சித்தி: அண்ணே, நீங்கள் கொடைக்கானல் மலை மன்னவனூரிலிருந்து கொண்டுவந்த முயல்கள் ஒட்டன்சத்திரம் வெயிலை எப்படித் தாங்கின?

முருகேசன் மாமா: அதற்காக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும் செல்வி. ஆராய்ச்சி மையத்தில் வாங்கிய வெள்ளை ஜெயன்ட், சோவியத் சிஞ்சில்லா என்ற இரண்டு இனமும் குளிரிலேயே பிறந்து வளர்ந்தவை. 30 டிகிரி தாண்டினாலே முயலுக்குக் கஷ்டம். தென்னங்கீற்றுக் கொட்டகை போட்டேன், நாலு பக்கமும் ஈரச் சாக்கு தொங்கவிட்டேன். தீவனம் விடியற்காலையும் பொழுது சாய்ந்த பிறகும்தான், மதியம் தண்ணீர் மட்டும். மதுரையில் கத்திரி வெயில் 40 டிகிரி. மல்லி இனி பால்கனிக்குப் போகவே வேண்டாம் கவிதா. பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்து, துண்டில் சுற்றிப் பக்கத்தில் வை. சூடு தாங்காவிட்டால் அதுவே வந்து சாய்ந்துகொள்ளும்.

சுந்தர் அண்ணன்: வயர் எதுவும் தரையில் கிடக்க வேண்டாம் கவி, ஹாலில் விட்டால் கடித்துவிடும்.

இரவு 9:10

கவிதா: 📷 புகைப்படம்

கவிதா: மாமா!! புழுக்கை போட்டுவிட்டது! கொத்தமல்லித் தழையும் தானாகவே இழுத்துத் தின்றது.

பெரியம்மா: முருகா! இப்போதுதான் எனக்குச் சாப்பாடு இறங்கும்.

முருகேசன் மாமா: பார்த்தேன். இன்னும் சின்னதாகத்தான் இருக்கிறது, ஆனால் ஓட்டம் தொடங்கிவிட்டது. ராத்திரி ஒரு தடவை எழுந்து அரைத்த புல்லைக் கொடு. காலையில் மறுபடியும் டாக்டரிடம் காட்டிவிடு.

முருகேசன் மாமா: நம் தோட்டத்து வரப்பில் புல் அறுத்து ஒரு சாக்கு கட்டிவிட்டேன். ஒரு பிடி வேலிமசால் தீவனத் தழையும் வைத்திருக்கிறேன், அதை அடுத்த வாரம் கொடு, இப்போது வேண்டாம். காலை முதல் பஸ்ஸில் ஆரப்பாளையம் வரும். வந்ததும் சாக்கைப் பிரித்துப் பரப்பிவிடு, கட்டியே வைத்தால் புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

சுந்தர் அண்ணன்: பஸ் நம்பரை அனுப்புங்கள் மாமா, நான் போய் வாங்கிக்கொள்கிறேன். கவி தூங்கட்டும்.