பெட்ரோல் டெப்போ வேலை, நடுவில் ஒரு மாசம் பட்டாளம்: தெரிந்தவர்கள் எழுதுங்கள்

கோட்டையூர்க்காரன்:
எங்கள் அம்மான் எண்ணெய் நிறுவன டெர்மினலில் வேலை பார்த்தார். ஆண்டுப் பயிற்சிக்கு ஓலை வந்தால் ஆலிவ் பச்சைச் சீருடையைப் பெட்டியில் வைத்துக்கொண்டு நாக்பூர் பக்கம் காம்ப்டிக்குக் கிளம்பிவிடுவார். காரைக்குடியில் யாரிடம் சொன்னாலும் "இந்த வயசில் என்.சி.சி.யா?" என்று சிரிப்பார்கள்.

அவர் இருந்தது 414 ஏ.எஸ்.சி. பட்டாலியன் மார்க்கெட்டிங், டெரிடோரியல் ஆர்மி. ஏ.எஸ்.சி. என்றால் பட்டாளத்துக்குச் சாப்பாடு, எரிபொருள் எல்லாம் கொண்டுசேர்க்கிற ஆர்மி சர்வீஸ் கோர். டெரிடோரியல் ஆர்மி, சுருக்கமாக டி.ஏ., சொந்த வேலையில் இருந்துகொண்டே பயிற்சி எடுத்து, அழைத்தால் போகிற பகுதிநேரப் படை. பெயரில் மார்க்கெட்டிங் என்று வருகிற பட்டாளம் வேறு உண்டா தெரியவில்லை! எண்ணெய் நிறுவன ஊழியர்களையே சேர்த்து அமைத்த படை அது. போரோ கலவரமோ, டெப்போ நிற்கக் கூடாது, டேங்க் லாரி நிரம்பி வெளியே போக வேண்டும். அந்த நேரத்தில் துப்பாக்கி மட்டும் தெரிந்த சிப்பாயை டெப்போவுக்குள் விட்டால் எந்த வால்வைத் திறப்பது என்று தெரியாமல் முழிப்பான். அதனால் வால்வு தெரிந்தவனுக்குத் துப்பாக்கியைச் சொல்லிக்கொடுத்து வைத்துக்கொள்கிறார்கள். அவ்வளவுதான் விஷயம்.

சின்ன வயதில் ஒருநாள் அவர் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். தொட்டியில் எண்ணெய் மட்டம் அளக்கிற டிப் ராடின் நுனியில் ஒரு பேஸ்ட்டைத் தடவி, தொட்டியின் அடிவரை இறக்கி எடுத்தார். பேஸ்ட் நிறம் மாறினால் அடியில் தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம். அப்புறம் ஜாடியில் டீசலை ஊற்றி, ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு, சூடு எவ்வளவு என்று பார்த்து, அட்டவணையைப் புரட்டி 15 டிகிரிக்கு அடர்த்தியை மாற்றி எழுதினார். எர்த் கம்பி மாட்டாத லாரிப் பக்கம் குழாயைக் கொண்டுபோகவே விடமாட்டார். "அங்கேயும் இதே வேலைதான்டா, சல்யூட் மட்டும் கூடுதல்" என்பார்.

தேவகோட்டை ரஸ்தா:
ரயில்வேயிலும் இதே மாதிரி டி.ஏ. படைகள் இருந்தன. 1974 மே மாத ரயில்வே ஸ்டிரைக்கின்போது அவர்களை அழைத்து வண்டி ஓட்டவைத்தார்கள். எங்கள் தெருவில் அப்படிப் போன ஒருவர் இருந்தார். ஊர் திரும்பியதும் கூட வேலை பார்த்தவர்கள் "கருங்காலி" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். கல்யாணப் பத்திரிகைகூட வரவில்லை. சீருடைக்கு ஆணை வந்தபின் முடியாது என்றால் ராணுவச் சட்டம், போனால் தோழர்கள் பகை. மனுஷன் என்னதான் செய்வார்? உங்கள் அம்மான் கதை எனக்கும் பிடித்திருக்கிறது, ஆனால் இந்தப் பக்கத்தையும் சேர்த்தே பேசணும் அண்ணே. பிற்பாடு அந்த ரயில்வே படைகளில் பெரும்பாலானவற்றைக் கலைத்து, ஜமால்பூரில் உள்ளதை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

பள்ளத்தூர் மருமகள்:
என் வீட்டுக்காரர் ரிசர்வ் இல்லை, முழுநேர ஏ.எஸ்.சி. டிரைவர். லே பக்கம் இருந்தார். பனியில் சோஜி லா கணவாய் மூடுவதற்குள் குளிர்காலம் முழுவதுக்குமான மாவு, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் மேலே போய்ச் சேர்ந்தாகணும். கேட்டபோது எனக்கு எங்கள் ஆயா வீட்டுக் கல்யாணத்துக்கு இரண்டாங்கட்டில் சாமான் இறக்கியதுதான் ஞாபகம் வந்தது, மூட்டையை எண்ணி எண்ணிக் கணக்கு எழுதுவார்கள். டீசல் கட்டியாகிவிடும் என்பதால் காலையில் டேங்க்குக்கு அடியில் ஸ்டவ் வைத்துச் சூடு காட்டுவார்களாம். பக்கத்தில் இருந்து பார்த்தால் வயிறு கலங்கும்! 2019-ல் மைனஸ் 33 டிகிரியிலும் உறையாத குளிர்கால டீசல் லடாக்குக்கு வந்தது. அதற்குள் இவர் ஓய்வுபெற்று வந்துவிட்டார்.

புதுவயல் மில்:
அக்கா சொன்ன ஏ.எஸ்.சி. பழைய படை. வெள்ளைக்காரன் காலத்தில் ராயல் இண்டியன் ஆர்மி சர்வீஸ் கோர் என்று பெயர். 1942-ல் நம்மூர்க்காரர்கள் பர்மாவில் கடை, கணக்கு எல்லாவற்றையும் போட்டுவிட்டு நடந்து வந்தார்களே, அதே பர்மாப் போரில் கோவேறு கழுதையில் அரிசியும் குண்டும் ஏற்றிப்போனவர்கள் இவர்கள்தான். 1944-ல் ஜப்பான்காரன் இம்பாலைச் சுற்றி வளைத்தபோது சாமான் முழுக்க விமானத்தில் போயிற்று. செட்டிநாடு கால்நடைப் பண்ணைப் பக்கம் கிடக்கிற ஓடுதளமும் அந்தப் போர்க்காலத்ததுதான், இன்றைக்கு மாடு மேய்கிறது. இன்னொன்று, டெரிடோரியல் ஆர்மியை 1949 அக்டோபர் 9 அன்று தொடங்கிவைத்தவர் நம் ராஜாஜி. அப்போது அவர் கவர்னர் ஜெனரல்.

தம்பி ஒருவன் டிகிரி முடித்து வேலையில் இருக்கிறான். அந்த 414-ல் சேரலாமா?

கோட்டையூர்க்காரன்:
எண்ணெய் நிறுவன ஊழியராக இருந்தால்தான் அது. இல்லாவிட்டால் டி.ஏ. காலாட்படைக்கு ஆபீசராக எழுதலாம். 18 முதல் 42 வயதுக்குள் இருக்கணும், டிகிரி வேணும், சொந்தச் சம்பாத்தியம் வேணும். இதை நம்பி இருக்கிற வேலையை மட்டும் விட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். படைப்பணிக்கு அழைக்கப்பட்டு இருந்த காலம் மட்டும் சேர்ந்து ஆபீசருக்கு 20 வருஷம், ஜவானுக்கு 15 வருஷம் ஆனால்தான் ராணுவப் பென்ஷன். அம்மானுக்குக் கம்பெனிப் பணம் மட்டும்தான் வந்தது.