மிதாலி மெதுவாக ஆடினாரா? குடும்பக் குழுவில் ஒரு வாக்குவாதம்

அக்கா: பாப்பா மாவட்ட அணித் தேர்வுக்குப் போகணும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அப்பா யோசிக்கிறார். எல்லாரும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

பெரியப்பா: வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெண் பிள்ளைக்குக் கிரிக்கெட்டில் பிழைப்பு இருக்கா என்றுதான் கேட்டேன்.

செகந்திராபாத் அத்தை: அண்ணா, இந்தியப் பெண்கள் அணிக் கேப்டனாக இருந்த மிதாலி ராஜைப் பாருங்கள். தமிழ்க் குடும்பம், அப்பா விமானப்படையில் இருந்தவர், ஜோத்பூரில் பிறந்து எங்கள் ஊரில் வளர்ந்த பெண். காலையில் எழுந்திருக்க மாட்டேன் என்கிறாளே என்று அண்ணன் போகிற பயிற்சிக்கே அவளையும் அனுப்பினார்கள். பரதநாட்டியமும் கற்றுக்கொண்டிருந்தாள். 1999-ல் 16 வயதில் முதல் ஒருநாள் ஆட்டம், இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸில் அயர்லாந்துக்கு எதிராக 114, கடைசி வரை அவுட்டே இல்லை. கூட இறங்கிய ரேஷ்மா காந்தியும் 104. விக்கெட் விழாமல் 258!

அண்ணன்: பெரிய ஆள்தான் அத்தை, ஆனால் ரொம்ப மெதுவு. இந்தக் காலத்துப் பெண்கள் ஸ்மிருதி, ஷஃபாலி அடிக்கிற அடியைப் பாருங்கள்.

செகந்திராபாத் அத்தை: இதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவள் அவுட்டானால் பின்னால் யார் இருந்தார்கள்? 2017 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தையே எடுத்துக்கோ, லார்ட்ஸில் இங்கிலாந்துக்கு எதிராக, இலக்கு 229, மிதாலி 17-ல் ரன் அவுட், அப்புறமும் 3 விக்கெட்டுக்கு 191 வரை வந்து, கடைசி 7 விக்கெட்டும் 28 ரன்னுக்குள் போய் 9 ரன்னில் தோற்றோம். அந்தப் பயத்தோடு ஆடினவளுக்குத்தான் 232 ஆட்டத்தில் 7805 ரன், சராசரி 50-க்கு மேல்.

அண்ணன்: டி20-யில்?

செகந்திராபாத் அத்தை: டி20-யில் நீ சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கு, 2019-லேயே அவளும் விலகிவிட்டாள். ஆனாலும் இந்தியாவில் ஆணோ பெண்ணோ முதலில் 2000 ரன் தொட்டது அவள்தான். 2018 உலகக் கோப்பையில் இரண்டு அரைசதம் அடித்தவளை அரையிறுதியில் வெளியே உட்கார வைத்து, 112-க்குச் சுருண்டார்களே, அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அக்கா: டெஸ்ட்டும் ஆடினாரா அத்தை?

செகந்திராபாத் அத்தை: மொத்தமே 12 தான், அதுதான் கொடுமை. 2002-ல் லக்னோவில் முதல் டெஸ்ட்டில் டக், ஒரு ரன்கூட இல்லை. அதே வருஷம் இங்கிலாந்தின் டான்டனில் அவர்களுக்கு எதிராகவே 407 பந்தில் 214, அப்போது அது உலக சாதனை. வயது 19. அப்படிப்பட்டவள் இருந்தும் 2006 ஆகஸ்டுக்கு அப்புறம் 2014 ஆகஸ்ட் வரை இந்தியப் பெண்களுக்கு ஒரு டெஸ்ட் கூடக் கிடையாது. 23 வயதிலிருந்து 31 வயது வரை! பேட்டருக்கு அதைவிட நல்ல வயது எது? ஸ்ட்ரைக் ரேட், அதாவது நூறு பந்துக்கு எத்தனை ரன் என்று பேசுகிறவர்கள் முதலில் இதைப் பேசட்டும்.

பெரியப்பா: சரிம்மா, காசு? அதைச் சொல்லவே இல்லையே.

செகந்திராபாத் அத்தை: அந்தக் காலத்தில் ரயில்வே வேலைதான் சோறு போட்டது, மிதாலியும் ரயில்வேதான். 2006-ல்தான் பெண்கள் கிரிக்கெட் இந்திய கிரிக்கெட் வாரியமான பிசிசிஐ கைக்கு வந்தது, ஆண்டு ஒப்பந்தம் 2015-ல். அவள் 2022 ஜூனில் ஓய்வு பெற்றாள், அக்டோபரில் ஆண்களுக்குச் சமமான ஆட்டச் சம்பளம் அறிவித்தார்கள். அடுத்த வருஷம் பெண்களுக்கான பிரீமியர் லீக், டபிள்யூபிஎல் ஏலத்தில் ஸ்மிருதிக்கு 3.40 கோடி. இந்தச் சம்பளமும் ஏலமும் அவள் மட்டையைக் கீழே வைத்த பிறகு! 2025 நவம்பரில் நவி மும்பையில் உலகக் கோப்பை ஜெயித்ததும் கேப்டன் ஹர்மன்ப்ரீத் கூட்டம் அதைக் கொண்டுபோய் மிதாலி, அவள் காலத்துப் பந்துவீச்சாளர் ஜூலன் கையில் கொடுத்தது சும்மா இல்லை.

பெரியப்பா: ரயில்வேயில் இன்னும் விளையாட்டு ஒதுக்கீடு இருக்கா?

செகந்திராபாத் அத்தை: இருக்கு அண்ணா.

அக்கா: பாப்பா கேட்கிறாள், 407 பந்து ஆட எவ்வளவு நேரம் ஆகும்?

செகந்திராபாத் அத்தை: கிட்டத்தட்ட பத்து மணி நேரம் நின்றாள். ஒரே நாளில் இல்லை என்று சொல்.

அக்கா: நடுவில் சாப்பிட விடுவார்களா என்கிறாள்.