சுண்டுவிரல் ஊன்றினால் சொந்தப் பாணி வராதாம்

மரப்பெட்டி:
புதிதாகப் பாட்டு எழுதி கிட்டாரோடு பாடுபவர்களுக்கு என்று ஆறுதந்தி நேற்று ஒரு நீண்ட அறிவுரை எழுதியிருந்தார். பாதிக்கு மேல் சரிதான். விரல் எங்கே வைப்பது என்று எழுதிய டேப் தாளைப் பார்க்காமல் காதால் பிடி, பிடித்த பாட்டை அக்கக்காகக் கழற்றிப் பார், தாளம் தட்டும் மெட்ரோனோமை மெதுவாக வைத்துக்கொண்டு உட்கார் என்பதையெல்லாம் யார் மறுக்கப் போகிறார்கள். ஆனால் நடுவில் ஒரு வரி: "வலது கை சுண்டுவிரலைக் கிட்டாரின் முகப்புப் பலகையில் ஊன்றி வாசிப்பவருக்குச் சொந்தப் பாணி வரவே வராது, கடைசி வரை ஒரே பேட்டர்னைத்தான் சுற்றிக்கொண்டிருப்பார்." படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அமெரிக்க கிட்டார் கலைஞர் மெர்ல் டிராவிஸ் பெயரை ஒரு வாசிப்பு முறைக்கே வைத்திருக்கிறார்கள். கட்டைவிரலில் தந்தியை மீட்ட மாட்டும் ஒரு பிக், கூட ஆள்காட்டி விரல், அவ்வளவுதான், மீதி விரல்கள் பலகைமேல் தங்கியிருக்கும். அவருக்குப் பாணி இல்லை என்றால் வேறு யாருக்கு இருக்கிறது? பதில் சொல்லுங்கள்.

ஆறுதந்தி:
ஒரு பெரிய பெயரைச் சொல்லிவிட்டால் வாதம் முடிந்துவிடாது. டிராவிஸ் ஊன்றினார் என்பதால் அவருக்குப் பாணி வந்ததா, ஊன்றியும் வந்ததா? இது உங்களுக்குத் தெரியாது. நான் சொன்னது கை வேலை செய்யும் விதத்தைப் பற்றி. சுண்டுவிரலும் மோதிர விரலும் தசைநார்களால் பிணைந்தவை. மேசைமேல் கையை வைத்துச் சுண்டுவிரலை அழுத்திக்கொண்டே மோதிர விரலை மட்டும் அசைத்துப் பாருங்கள், அது தயங்கும். அதே தயக்கம்தான் மெல்லிய முதல் தந்தியிலும் வரும். மோதிர விரல் போனால் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மட்டுமே மிச்சம். நான்கு சுரங்களை ஒரே நேரத்தில் எடுக்க முடியாது, ஒரே சுரத்தை மூன்று விரல்கள் மாறி மாறி வேகமாக மீட்டும் ட்ரெமலோ கிடையாது. இன்னொன்று, ஊன்றிய கை இடம் மாறாது. தந்திகள் பலகையில் கட்டப்படும் பிரிட்ஜ் பக்கம் போனால் கூர்மையான சத்தம், நடுவில் இருக்கும் துளையான சவுண்ட்ஹோலுக்கு மேலே வந்தால் உருண்டையான சத்தம். பாடகர் ஒருவர் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் கிட்டாரின் நிறத்தை மாற்ற வேண்டுமானால் கை நகர்ந்தாக வேண்டும். குளத்தின் ஓரச் சுவரைப் பிடித்துக்கொண்டே நீந்தக் கற்றவர் ஓரத்திலேயேதான் நீந்துவார். தம்பி கொஞ்சம் பொறுமையாகப் படித்திருந்தால் இதெல்லாம் அந்தப் பதிவிலேயே இருந்தது.

மரப்பெட்டி:
முதலில், நான் உங்களுக்குத் தம்பி இல்லை. இரண்டாவது, ட்ரெமலோ வராது என்று நீங்கள் எழுதவில்லை, பாணி வராது என்று எழுதினீர்கள். நான்கு விரலும் வேண்டும் என்றால் இரண்டு விரலில் வாசித்த டிராவிஸ் எப்படி வாசித்தார்?

மெட்ரோனோம்60:
ஊன்றுவது என்று இரண்டு பேரும் எதைச் சொல்கிறீர்கள்? விரல்நுனி பலகையைத் தொட்டுக்கொண்டிருப்பதா, எடை முழுவதையும் இறக்கி அழுத்துவதா? இரண்டும் ஒன்றில்லை. அப்புறம் பாணி என்றால் கையின் பழக்கமா, பாட்டு எழுதும் விதமா? இதைத் தீர்த்துக்கொண்டு பேசினால் நல்லது.

ஆறுதந்தி:
டிராவிஸ் வாசித்த இசைக்கு இரண்டு விரல் போதும், அதனால் வாசித்தார். பேஸ் எனும் தடித்த தந்திகளில் கட்டைவிரல் மாறி மாறி அடிக்கும், மேலே ஆள்காட்டி மெட்டைச் சொல்லும். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அவரை நகலெடுப்பவர்களைப் பாருங்கள். சி கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) பிடித்ததும் ஐந்தாம் தந்தி, நான்காம் தந்தி, ஆறாம் தந்தி, மறுபடி நான்காம் தந்தி. எல்லாப் பாட்டுக்கும் அதே. தாலாட்டானாலும் அதே, ஒப்பாரியானாலும் அதே. சுண்டுவிரல் ஊன்றியிருக்கும் வரை அந்தக் கை வேறு எதையும் தேடாது.

பழைய_தந்தி:
நகலெடுப்பவர்களைப் பற்றி ஆறுதந்தி பேசுவதுதான் வியப்பு. போன வருடம் கேப்போ (எல்லாத் தந்திகளையும் அழுத்திச் சுருதி ஏற்றும் பிடி) பற்றிய விவாதத்தில் இதே குரலில்தான் "கேப்போ மாட்டுபவர் ஃப்ரெட்போர்டு (விரல் தந்தியை அழுத்தும் கழுத்துப் பலகை) தெரியாதவர்" என்று தீர்ப்பு சொன்னார். நான் ஒரு பதிவைப் போட்டேன். இவர் கேட்டுவிட்டு எழுதியது ஒரே வரி: "நல்ல மைக்." நான் மறக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இன்னொரு அமெரிக்க கிட்டார் கலைஞர் செட் அட்கின்ஸ் வானொலியில் டிராவிஸைக் கேட்டார். கையைப் பார்க்கவில்லை, காதில் விழுந்தது மட்டும்தான். ஒரே ஒரு விரலும் கட்டைவிரலும் இத்தனையும் செய்யும் என்று அவருக்குத் தோன்றவில்லை, அதனால் கட்டைவிரலோடு இன்னும் இரண்டு மூன்று விரல்களைச் சேர்த்துக்கொண்டு தானாக ஒரு வழி கண்டுபிடித்தார். பாணி இப்படித்தான் பிறக்கிறது. கேட்டதைத் தன் கையால் எட்டிப் பிடிக்கப் போய் வேறொன்று வந்து நிற்கிறது. கை எங்கே ஊன்றியிருந்தது என்பது இரண்டாம் பட்சம்.

ஆறுதந்தி:
நன்றி. என் வாதத்தை எனக்காக நீங்களே சொல்லிவிட்டீர்கள். அட்கின்ஸ் கூடுதல் விரல்களைச் சேர்த்தார். சேர்த்ததால்தான் டிராவிஸிடமிருந்து விலகினார். விரல்களைக் கட்டிப்போட்டிருந்தால் விலகியிருக்க முடியுமா? மைக் பற்றி: அது உண்மையிலேயே நல்ல மைக்.

பழைய_தந்தி:
அட்கின்ஸ் சுண்டுவிரலை எங்கே வைத்தார் என்று நான் சொல்லவே இல்லை. விரல்களைச் சேர்த்தார் என்றேன். சேர்ப்பதற்கும் ஊன்றுவதற்கும் என்ன சம்பந்தம்? மோதிர விரலைப் பற்றிக் கேட்டால் சுண்டுவிரலைச் சொல்வீர்கள், சுண்டுவிரலைப் பற்றிக் கேட்டால் மோதிர விரலைச் சொல்வீர்கள்.

பல்லவிக்காரி:
நான் பாட்டு எழுதுகிறவள், வித்தை காட்டுகிறவள் இல்லை, அதனால் என் பக்கத்தையும் சொல்கிறேன். பாடிக்கொண்டே வாசிக்கும்போது கைக்கு ஓர் இடம் வேண்டும். கண் தாளில் இருக்கும், மூச்சு வரியின் முடிவைத் தேடிக்கொண்டிருக்கும், அப்போது முதல் தந்தி எங்கே என்று தேடிக்கொண்டிருக்க முடியாது. சுண்டுவிரல் பலகையைத் தொட்டுக்கொண்டிருந்தால் தந்திகளின் தூரம் கைக்குத் தானாகத் தெரியும்.

நான் பழகிய விதம் இது. முதலில் கட்டைவிரல் மட்டும். வாயால் ஏதாவது பேசிக்கொண்டே, அந்தப் பேச்சு தடுமாறாமல், கட்டைவிரல் தாளம் பிசகாமல் ஓடும் வரை வேறு எதையும் சேர்க்கவில்லை. அப்புறம் மேல் தந்தியில் ஒரு சுரம், கட்டைவிரல் விழும் அதே நொடியில். அது பழகியதும் அதே சுரத்தை இரண்டு கட்டைவிரல் அடிகளுக்கு நடுவில் தள்ளி வைத்தேன். அங்கேதான் பாட்டு நடக்கத் தொடங்குகிறது. சொல்லின் அழுத்தம் அடிமேல் விழாமல் கொஞ்சம் பிந்தி விழும். இதையெல்லாம் சுண்டுவிரலை ஊன்றிக்கொண்டுதான் கற்றேன். என் பாட்டு வேறு யாருடையதைப் போலவும் இல்லை என்று கேட்டவர்கள் சொல்கிறார்கள்.

ஆறுதந்தி:
கேட்டவர்கள் என்றால் உங்கள் நண்பர்கள். கோபப்பட வேண்டாம், எல்லோருக்கும் நண்பர்கள் அப்படித்தான் சொல்வார்கள். நீங்கள் விவரித்த பயிற்சி நல்ல பயிற்சி, ஊன்றாமலும் அதையே செய்யலாம். இடம் தெரியவில்லை என்பது கற்காத கையின் பிரச்சினை. கட்டைவிரலை ஒரு பேஸ் தந்தியில் சாத்தி வைத்துக்கொண்டு மற்ற விரல்களைப் பழக்குங்கள், சில மாதங்களில் கைக்குத் தூரம் தெரிந்துவிடும். அதைச் செய்யச் சோம்பல், அதனால் சுண்டுவிரல்.

பல்லவிக்காரி:
சோம்பல் என்று சொல்ல நீங்கள் யார்? கட்டைவிரலைத் தந்தியில் சாத்தலாம், சுண்டுவிரலைப் பலகையில் சாத்தக் கூடாது. அப்படியானால் ஊன்றுவது குற்றமில்லை, எந்த விரல் என்பதுதான் குற்றமா? அதோடு கட்டைவிரலைச் சாத்திவிட்டால் ஓடும் பேஸை யார் வாசிப்பது?

கேப்போ_இரண்டு:
அண்ணா, அக்கா, நான் புதுசு. ட்யூனிங், அதாவது தந்திகளின் சுருதியை, மாற்றிப் பார்த்தால் பாணி வரும் என்று சொல்கிறார்களே, அதைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

மரப்பெட்டி:
தாராளமாக. 1960களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் கிட்டார் கலைஞர் டேவி கிரஹாம் ஆறாம், இரண்டாம், முதலாம் தந்திகளை ஒரு முழுச் சுரம் இறக்கி, டி-ஏ-டி-ஜி-ஏ-டி என அமையும் டாட்காட் ட்யூனிங்கைப் பரப்பினார். மேஜரும் இல்லை மைனரும் இல்லை, நடுவில் தொங்கும், அதனால் ஒரே சுரத்தை அடியில் ஓடவிட்டு மேலே மெட்டை நெய்யலாம். கனடாவின் பாடகி, பாடலாசிரியர் ஜோனி மிட்செலுக்குச் சிறுவயதில் போலியோ வந்து இடது கை வலுவிழந்தது, வழக்கமான கார்டுகளைப் பிடிக்கச் சிரமம், தந்திகளைத் தன் கைக்கு ஏற்றபடி மாற்றி மாற்றி ஐம்பதுக்கும் மேற்பட்ட ட்யூனிங்குகளில் பாட்டு எழுதினார். பழகிய இடத்தில் பழகிய சுரம் கிடைக்காது, விரல் காதை நம்பித்தான் போக வேண்டும். அங்கே புதுப் பாட்டு பிறக்கும். ஆறுதந்தி கணக்குப்படி பலவீனமான கை என்றால் பாணி வராது. நடந்தது தலைகீழ்.

ஆறுதந்தி:
இடது கையை ஏன் இழுக்கிறீர்கள்? நான் பேசியது வலது கை சுண்டுவிரலைப் பற்றி. நோய் வந்து வேறு வழியில்லாமல் ஒருவர் கண்டுபிடித்ததையும், எல்லா விரலும் நன்றாக இருந்தும் ஒன்றைக் கட்டிப்போடுவதையும் ஒப்பிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இன்னொன்றும் சொல்கிறேன், ட்யூனிங் மாற்றுவது ஒரு போதை. தந்தியை இறக்கினால் இழுவிசை குறையும், கழுத்தில் பதித்த உலோகக் கட்டையான ஃப்ரெட்டில் உரசும், எந்தச் சுரமும் தற்செயலாக இனிக்கும். அந்த இனிப்பைப் பாட்டு என்று நினைத்துக்கொள்பவர்கள்தான் அதிகம். கேப்போ_இரண்டு, நீங்கள் முதலில் வழக்கமான ட்யூனிங்கில் ஒரு மெட்டை அதன் பேஸோடு ஐந்து இடங்களில் வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். சுண்டுவிரலை ஊன்றாமல்.

பழைய_தந்தி:
புதுசாக வந்தவர் ட்யூனிங் கேட்டார். அதற்கும் பதில் சுண்டுவிரல்.

அமெரிக்க நாட்டார் பாடகி எலிசபெத் காட்டனைச் சொல்லவா? இடது கைக்காரர். வலது கைக்காரரின் கிட்டாரை, தந்திகளைக்கூட மாற்றாமல், அப்படியே தலைகீழாகத் திருப்பிப் பிடித்து வாசித்தார். பேஸ் விரல்களில், மெட்டு கட்டைவிரலில். உலகத்தில் எந்த ஆசிரியரும் இப்படிக் கற்றுத்தர மாட்டார். 1958இல் வந்த அவருடைய இசைத்தட்டைக் கேட்டு எத்தனை பேர் அந்த அசைவைப் பிடிக்க முயன்றார்கள். அவருக்கு யாராவது சரியான கை நிலையைச் சொல்லிக் கொடுத்திருந்தால் நமக்கு அந்தச் சத்தமே கிடைத்திருக்காது.

ஆறுதந்தி:
காட்டன் தலைகீழாக வாசித்தார். சரி. சுண்டுவிரலை ஊன்றினார் என்றா சொல்கிறீர்கள்? இல்லை. பிறகு எதற்கு இந்த உதாரணம்? விதிவிலக்குகளை வரிசையாகக் கொண்டுவந்து வைக்கிறீர்கள், ஒவ்வொன்றும் ஒரு மேதை. நான் எழுதியது மேதைகளுக்கு இல்லை, மாலையில் ஒரு மணி நேரம் கிடைக்கும் சாதாரண மனிதருக்கு.

மரப்பெட்டி:
வரவே வராது என்று எழுதியது யாருக்கு என்று அந்த வரியில் இல்லையே. சரி, மேதைகள் வேண்டாம், பாடப் புத்தகத்துக்கு வருவோம். 1676இல் தாமஸ் மேஸ் லூட் என்ற பழைய ஐரோப்பியத் தந்தி வாத்தியத்துக்கு எழுதிய நூல் சுண்டுவிரலைப் பலகையில் வைக்கச் சொல்கிறது. லூட்காரர்களுக்கு அதுதான் வழக்கம். நீங்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடும் கிளாசிக்கல் கிட்டாரில் ஸ்பானிய இசையமைப்பாளர் பெர்னாண்டோ சோர் 1830இல் வந்த தன் பாடநூலில், சில சமயம் சுண்டுவிரலை முதல் தந்திக்குக் கீழே பலகையில் ஊன்றுவதாகத் தானே எழுதியிருக்கிறார். சோருக்கும் பாணி வரவில்லையா?

ஆறுதந்தி:
சில சமயம். நீங்களே எழுதிய சொல், சில சமயம். அதாவது மற்ற நேரத்தில் ஊன்றவில்லை. லூட்டில் அப்போது மோதிர விரலுக்கு வேலை குறைவு. கிட்டாரில் அந்த விரலுக்கு வேலை வந்ததும் சுண்டுவிரல் பலகையை விட்டு எழுந்தது. வரலாறே என் பக்கம்.

பல்லவிக்காரி:
சோர் ஊன்றினார் என்றால் "சில சமயம்", நான் ஊன்றினால் "சோம்பல்".

மெட்ரோனோம்60:
மறுபடி கேட்கிறேன். தொடுவதா, அழுத்துவதா? இன்னொரு விஷயம், டிராவிஸ் பாணியில் உள்ளங்கையின் அடிப்பகுதியைப் பிரிட்ஜ் ஓரம் வைத்துப் பேஸை மழுக்குவார்கள். அப்போது கை ஏற்கனவே கிட்டாரில் இருக்கிறது. அதுவும் ஊன்றுவதுதானா?

ஆறுதந்தி:
உள்ளங்கை வேறு, சுண்டுவிரல் வேறு.

பழைய_தந்தி:
இதற்குப் பேர் பதிலா? ஆறுதந்தி, ஒரே ஒரு வேலை செய்யுங்கள். நீங்களே எழுதிய ஒரு பாட்டு, நீங்களே பாடி, ஊன்றாத கையோடு வாசித்துப் போடுங்கள். இத்தனை நாளில் இங்கே உங்கள் குரலை யாரும் கேட்டதில்லை. மற்றவர்கள் பாட்டுக்குத் தீர்ப்பு எழுதியது மட்டும்தான் இருக்கிறது.

ஆறுதந்தி:
நான் பாட்டு எழுதுவதாக எங்கேயும் சொன்னதில்லை. கற்றுக்கொடுக்கிறேன். என்னிடம் வரும் பத்துப் பேரில் ஊன்றிப் பழகிய கையைத் திருத்துவதற்கே பாதி நேரம் போகிறது. அந்த அலுப்பிலிருந்துதான் எழுதினேன். ஒவ்வொருவரும் அதே ஒற்றைப் பேட்டர்னோடு வருகிறார்கள், ஒவ்வொருவரும் அதுதான் என் ஸ்டைல் சார் என்கிறார்கள்.

பல்லவிக்காரி:
பாட்டு எழுதாதவர் பாட்டு எழுதுபவர்களுக்கு அறிவுரை எழுதியிருக்கிறார். இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்கலாம். ஒரே பேட்டர்னில் வாசிப்பவருக்குக் குறை விரலில் இல்லை, அவர் வரிகள் எல்லாம் ஒரே நீளத்தில் இருக்கும். வரியின் நீளத்தை மாற்றச் சொல்லுங்கள், நடுவில் ஒரு மாத்திரை கூட்டி மூச்சு விடச் சொல்லுங்கள், பேட்டர்ன் தானாக உடையும். கை சொல்லுக்குப் பின்னால் வரும்.

ஆறுதந்தி:
வர முடிந்தால் வரும். ஊன்றிய கை எப்படி வரும்?

மரப்பெட்டி:
டிராவிஸ் கை வந்ததே!

ஆறுதந்தி:
அவர் இரண்டு விரலுக்கு வேண்டியதை மட்டும்தான் வாசித்தார் என்று ஏற்கனவே சொல்லிவிட்டேன். மேலே போய்ப் படியுங்கள் தம்பி.

மரப்பெட்டி:
மறுபடி தம்பி. சரி ஐயா, நாளை டிராவிஸ் பேட்டர்னில் மூன்று பாட்டு, மூன்று தாளத்தில், சுண்டுவிரல் தெரியும்படி கேமராவைக் கையருகே வைத்துப் பதிவுசெய்து போடுகிறேன். மைக்கைப் பற்றி மட்டும் பேசாமல் கேளுங்கள்.

ஆறுதந்தி:
போடுங்கள். மோதிர விரலும் தெரியட்டும்.

கேப்போ_இரண்டு:
டாட்காட்டில் வைக்க மூன்று தந்தி இறக்கினால் போதுமா? கார்டுகளை எங்கே பிடிப்பது? யாரும் இதைச் சொல்லவில்லையே.

பழைய_தந்தி:
மூன்றுதான் தம்பி, ஆறு, இரண்டு, ஒன்று. மூன்றையும் நான்காம் தந்தியின் டி, ஐந்தாம் தந்தியின் ஏ இரண்டோடும் ஒப்பிட்டுக் காதால் சேர். முதலில் மூன்றாம் தந்தி இரண்டாம் ஃப்ரெட்டில் ஒரு விரல், மற்றதெல்லாம் திறந்தபடி. அங்கிருந்து தொடங்கு. சுண்டுவிரலை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்.

ஆறுதந்தி:
எங்கே வேண்டுமானாலும் இல்லை.