‘ஸ்கம்பிள்’ என்பதற்கு ‘மூட்டப்பூச்சு’

நண்பர்களுக்கு வணக்கம்.

எண்ணெய் வண்ண ஓவியத்தில், இருண்ட அடித்தளத்தின்மேல் வெளிர்வண்ணத்தை மெலிதாகத் தேய்க்கும் ‘ஸ்கம்பிள்’ (scumble) எனப்படும் முறைக்குத் தமிழ்ச்சொல்லாகச் சென்ற மடலில் முன்வைக்கப்பட்ட ‘மூடுபூச்சு’ என்னும் சொல்லில் எனக்கு உடன்பாடில்லை. மூடினால் அடியில் இருப்பது மறைய வேண்டும். இங்கோ அது மறைந்தால் வேலையே கெட்டது. பர்ன்ட் அம்பர் என்னும் கரும்பழுப்பு வண்ணமும், எலும்புக்கரியால் ஆகும் ஐவரி பிளாக் என்னும் கறுப்பு வண்ணமும் சேர்ந்த இருண்ட அடித்தளம் நன்றாகக் காய்ந்த பின்னர், ஏறக்குறைய உலர்ந்த தூரிகையில் வெள்ளை கலந்த வெளிர்வண்ணத்தைச் சிறிதே தொட்டுத் தேய்க்கிறோம். இருள் இடையிடையே தெரிந்துகொண்டே இருக்கிறது.

‘மங்கல் பூச்சு’ என்ற மற்றொரு பரிந்துரை இம்முறையின் விளைவில் பாதியைத்தான் சொல்கிறது. இருளின்மேல் மெலிதாகப் படிந்த வெள்ளை மங்குவதோடு நில்லாமல் நீலச் சாயையும் பெறுகிறது. வெள்ளைத் துகள்கள் ஒளியின் நீலப் பகுதியைக் கூடுதலாகச் சிதறடிப்பதே காரணம். பொங்கலுக்கு வீட்டை வெள்ளையடித்த கொங்கு நாட்டார் இதைக் கண்ணால் கண்டிருப்பார்கள்: புகையேறிக் கறுத்த அடுப்படிச் சுவரில் ஒரு கை சுண்ணாம்பு மட்டும் அடித்துக் காயவிட்டால், நீலம் கலக்காமலேயே சுவர் நீலம் பாய்ந்து நிற்கும். மார்கழிக் காலையில் பேரூர்ப் பக்கமிருந்து பார்க்கும் வெள்ளியங்கிரி மலைக்கும் அந்நிறந்தான்.

ஆகவே ‘மூட்டப்பூச்சு’ என்பதை முன்மொழிகிறேன். ‘மூடு’ என்பதும் இதன் உறவுதானே என்று கேட்கலாம். ஆனால் பனிமூட்டம், புகைமூட்டம் என்னும் வழக்குகளில் பின்னாலுள்ள பொருள் இல்லாமற் போவதில்லை, எட்டாத தொலைவுக்குத் தள்ளிப் போகிறது. துயரம் தோய்ந்த நிலக்காட்சிக்கு வேண்டியது கறுப்பின் அளவைவிட இந்தத் தொலைவே என்பது என் கருத்து. ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டேவிட் பிரீட்ரிக் 1808–1810இல் தீட்டிய ‘கடலோரத் துறவி’யில் முக்காற்பங்குக்கு மேல் வானமே இருக்க, மனிதன் ஒரு கீற்றாக நிற்கிறான். மூட்டம் என்றதும் சிலருக்கு, விறகை மூடி எரித்துக் கரியாக்கும் கரிமூட்டம் நினைவுக்கு வரலாம். அதனால் பெரிய குழப்பம் வராது.

வினையாக ‘மூட்டமிடு’ என்பதைக் கொள்ளலாம். சொற்பதிவுக்கு எடுத்துக்காட்டு: “வண்ணத்தைக் குழைக்கும் ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்றே இறுகுவதால், அடித்தளத்துக்குப் போதிய நாள் கொடுக்காமல் மூட்டமிட்டால் இரு வண்ணங்களும் குழைந்து சேறாகும், 19ஆம் நூற்றாண்டில் சிலர் செய்ததுபோல் அடியில் நிலக்கீல் என்னும் தார் போன்ற பொருள் கலந்திருந்தால், அது முழுமையாக உலராமல் மேற்பரப்பையும் வெடிக்கச் செய்யும்.”