1978இல் நடக்கும் நாவலுக்குச் செய்தி, மரம், பறவை, வாசிப்புக் குறிப்புகளை எப்படிச் சேர்த்து வைப்பது?

செம்பவாங் வாசகி

வணக்கம். 1978 அக்டோபரில் தொடங்கி 1979 மார்ச்சில் முடியும் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். சிங்கப்பூரின் ஜூரோங் கப்பல் பட்டறையில் வேலை செய்யும் ஒருவர், அவர் மனைவி, பள்ளிக்கூடம் போகும் மகள். கதையைப் பற்றி நான் ஆலோசனை கேட்கவில்லை. என் சிக்கல் குறிப்புகள்தான். தினமும் பத்திரிகை படிக்கிறேன், நூலகத்திலிருந்து புத்தகங்கள் எடுக்கிறேன், கால்வாய்க் கரையில் நடக்கும்போது மரம், பறவைகளைப் பார்த்து எழுதி வைக்கிறேன். எல்லாம் மூன்று நோட்டுகளிலும் கைப்பேசிப் படங்களிலும் சிதறிக் கிடக்கின்றன. எழுத உட்காரும்போது வேண்டியது கைக்கு வருவதில்லை.

மூன்று கேள்விகள். பழைய தமிழ்ப் பத்திரிகைப் பக்கங்களில் எப்படித் தேடுவது? இன்று பார்க்கும் மரம், பறவைகளில் எவற்றை அந்தக் காலத்துக்குக் கொண்டுபோகலாம்? குறிப்புகளை எந்த முறையில் அடுக்குவது?

மாதிரிக்கு, டிசம்பர் காட்சி ஒன்றிலிருந்து சில வரிகள்: «குயில் கூவியபோது மணி ஆறே முக்கால். இன்னும் விடியவில்லை. சன்னலுக்கு வெளியே ட்ரம்பெட் மரம் இளஞ்சிவப்பாகப் பூத்திருந்தது.» இதில் எது நிற்கும், எது நிற்காது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

தாள்புரட்டி

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

தேசிய நூலக வாரியம் பழைய பத்திரிகைகளை இணையத்தில் வைத்திருக்கும் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் நேராகத் தமிழில் தேடத் தொடங்காதீர்கள். பழைய அச்சைக் கணினி படிக்கும்போது தமிழ் எழுத்துகள் உடைந்துபோகும். மங்கலான நுண்படம் (மைக்ரோஃபிலிம்) என்றால் புள்ளியெல்லாம் காணாமல் போகும். முதலில் ஆங்கிலப் பத்திரிகைகளில் தேடி நிகழ்வின் தேதியைப் பிடியுங்கள். அந்தத் தேதியையும் அடுத்த நான்கு நாள்களையும் வைத்துக்கொண்டு தமிழ் நாளிதழான தமிழ் முரசின் பக்கங்களைக் கண்ணாலேயே புரட்டுங்கள். நேரம் பிடிக்கும். ஆனால் தேடுபெட்டி காட்டாத விளம்பரமும் வாசகர் கடிதமும் அப்படித்தான் கண்ணில் படும்.

ஆங்கிலத் தேடலிலும் ஒரு கண்ணி உண்டு. பழைய அச்சில் ஆர், என் என்ற இரண்டு எழுத்துகள் ஒட்டிக்கொண்டு எம் என்று படிக்கப்பட்டுவிடும். சொல் வரிக்கடைசியில் உடைந்திருந்தால் இரண்டு துண்டாகப் பதிவாகியிருக்கும். அதனால் ஒரே சொல்லை நம்பாமல் இடப்பெயர், கப்பலின் பெயர், தெருப்பெயர் என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். இணையத்தில் கிடைக்காத பக்கங்களுக்கு விக்டோரியா ஸ்திரீட்டில் இருக்கும் லீ கோங் சியான் மேற்கோள் நூலகத்துக்குப் போய் நுண்படத்தில் பார்க்க வேண்டும். அங்குள்ள நூல்களை வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. எனவே, என்ன வேண்டும் என்பதைத் தேதிப்படி ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

இப்போது உங்கள் நாவலுக்கு வருகிறேன். ஜூரோங் கப்பல் பட்டறை, 1978 அக்டோபர் என்கிறீர்கள். அப்படியானால் ஸ்பைரோஸை நீங்கள் தாண்டிப் போகவே முடியாது. அந்தக் கிரேக்க எண்ணெய்க் கப்பல் வெடித்தது 1978 அக்டோபர் 12, வியாழக்கிழமை, பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு. இறந்தவர்கள் 76 பேர். நாவலாசிரியர்கள் சறுக்குவது இங்கேதான். அன்று சாயங்காலம் கோப்பிக்கடையில் இருக்கும் பாத்திரத்துக்கு அந்த 76 தெரியாது. வெடித்த செய்தி வாய்வழியாகவும் வானொலியிலும்தான் வரும். காலைப் பத்திரிகையில் வருவது மறுநாள். காயப்பட்டவர்கள் மருத்துவமனையில் இறக்க இறக்கத்தான் எண்ணிக்கை ஏறும். அதனால் ஒவ்வொரு செய்திக் குறிப்புக்கும் மூன்று தேதி போடுங்கள்: நடந்த நாள், அச்சான நாள், உங்கள் பாத்திரம் அறிந்த நாள். மூன்றாவது தேதிதான் உங்களுடைய வேலை, அது எந்த ஆவணத்திலும் இருக்காது.

தலைப்புச் செய்தியைவிட உள்பக்கங்கள் நாவலுக்குப் பயன்படும். அரிசி விலை, வாடகை விளம்பரம், திரையரங்கக் காட்சி நேரம், காணவில்லை அறிவிப்பு, இரங்கல் செய்தி. கதாபாத்திரத்தின் அப்பா கப்பலில் வந்தவர் என்றால் தமிழ்நாட்டுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ரஜூலா கப்பல் ஓடியது 1973 வரைதான் என்பதை நினைவில் வையுங்கள். 1978இல் யாரும் அதில் ஏறி நாகப்பட்டினம் போக முடியாது.

ஈரநிலம்

உங்கள் மூன்று வரிகளிலும் கை வைக்க வேண்டியிருக்கிறது. மன்னிக்கவும், ஆனால் மூன்றுமே சரிசெய்யக் கூடியவை.

நேரம் முதலில். சிங்கப்பூர் இன்றைய நேரத்துக்கு மாறியது 1982 சனவரி 1 அன்று. அதற்கு முன் கடிகாரம் அரை மணி பின்னால் இருந்தது. இன்று டிசம்பர் தொடக்கத்தில் சூரியன் உதிப்பது ஏறக்குறைய 6:50. அப்படியென்றால் 1978இல் 6:20. ஆறே முக்காலுக்கு நன்றாக வெளுத்திருக்கும். மாலையும் அப்படியே: இன்று ஏழு மணிக்கு இருட்டத் தொடங்குகிறது என்றால் அன்று ஆறரைக்கு. பழைய சிங்கப்பூரை எழுதுகிறவர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை. முந்தைய தலைமுறையின் நினைவுகளை எழுதினால் இன்னும் கவனம் வேண்டும். ஜப்பானியர் ஆட்சியில் இங்கே தோக்கியோ நேரம் வைத்திருந்தார்கள். சூரியன் எட்டு மணி வாக்கில்தான் எழுந்திருக்கும்.

குயில். இன்று வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகளில் விடிவதற்கு முன்பே தூக்கத்தைக் கலைக்கும் இந்தப் பறவை, 1980களில்தான் இங்கே தங்கிப் பெருகியது. அதற்கு முன் பெரும்பாலும் வலசைக் காலத்தில் வந்துபோனது. காக்கைக் கூட்டில் முட்டையிடும் பறவை என்பதால் காக்கை பெருகிய பிறகு அதற்கும் வழி பிறந்தது. 1978 டிசம்பரில் ஒரு குயிலைக் கேட்கவே முடியாது என்று சொல்லமாட்டேன். ஆனால் தினமும் காலையில் கூவும் பின்னணி ஒலியாக வைத்தால் தவறு. அந்த இடத்துக்கு மாங்குயில், சின்னான், சிட்டுக்குருவி எல்லாம் பொருந்தும். மைனா என்றால் எந்த மைனா என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள். சாவக மைனா கருஞ்சாம்பல் நிறம், அலகும் காலும் மஞ்சள். தமிழ்நாட்டிலும் காணும் ஊர் மைனா பழுப்பு, கண்ணைச் சுற்றி மஞ்சள் தோல். சாவக மைனா கொண்டுவரப்பட்டுப் பெருகிய இனம். ஊர் மைனா வரவர அருகிவிட்டது. ஊரிலிருந்து வந்த ஒருவர் இரண்டையும் உடனே வேறுபடுத்திப் பார்ப்பார்.

நீர்நாயைத் தொடவே வேண்டாம். அவை மறுபடி இங்கே வந்து குடியேறியது 1990களின் பிற்பகுதியில்தான். இருவாச்சியும் அப்படியே, 1994இல்தான் உபின் தீவில் மீண்டும் தென்பட்டது.

ட்ரம்பெட் மரம் பூக்க வெயில் காய்ந்த நாள்கள் வேண்டும். டிசம்பர் என்பது வடகிழக்குப் பருவமழையின் ஈரமான பாதி. பூப்பது பெரும்பாலும் மார்ச், ஏப்ரல் வாக்கிலும் மறுபடி ஆகஸ்ட், செப்டம்பரிலும். பூவை விட மனமில்லை என்றால் காட்சியை மார்ச் கடைசிக்குத் தள்ளுங்கள்.

ஆனால் என்னைக் கேட்டால் அந்த ஆண்டுக்கு அங்சானா மரம்தான் சரி. 1960களின் கடைசியில் பூந்தோட்ட நகரத் திட்டம் வந்தபோது பெரிய கிளைகளையே வெட்டி நட்டு, வேர்பிடிக்க வைத்து, சாலையோரங்களில் சீக்கிரம் நிழல் உண்டாக்கினார்கள். 1978இல் அவை நன்றாகக் குடை விரித்திருக்கும். அங்சானாவில் மொட்டுகள் காத்திருக்கும். சில நாள் வெயிலுக்குப் பின் பலத்த மழை ஒன்று பெய்தால் மரம் முழுக்க ஒரே நேரத்தில் மஞ்சளாகும். ஒரு பூவின் ஆயுள் ஒரு நாள்தான். மறுநாள் நடைபாதையும் நிறுத்தியிருக்கும் கார்களும் மஞ்சள் தூள் கொட்டியதைப் போலிருக்கும், மழை நனைத்தால் அதுவே பழுப்பாகிக் காலில் ஒட்டும். தெம்புசுவும் நல்ல மரம். அந்தி சாய்ந்த பிறகுதான் அதன் மணம் ஏறும். பூ வெள்ளையாக மலர்ந்து மஞ்சளாக முதிரும். பட்டையில் ஆழமான நெடுக்கு வெடிப்புகள் இருக்கும். பூக்கும் காலம் மே, ஜூன், பிறகு அக்டோபர், நவம்பர் வாக்கில். தூங்குமூஞ்சி மரம் அந்திக்கு முன்பும் மழை மூட்டத்திலும் இலை மடிக்கும். மகள் பள்ளிவிட்டு வரும்போது அதைப் பார்க்கலாம்.

வானத்துக்கும் பஞ்சாங்கம் பாருங்கள். தீபாவளிக்கு நிலா இருக்காது, தைப்பூசத்துக்கு இல்லாமல் இருக்காது. தீபாவளி இரவில் பாத்திரத்தை நிலவொளியில் நடக்கவிட்ட கையெழுத்துப் படிகள் உண்டு.

மரத்தை அடையாளம் காண ட்ரீஸ்.எஸ்ஜி வரைபடம் போதும், சாலையோர மரம் ஒவ்வொன்றுக்கும் பெயர் இருக்கும். பறவை ஒலிக்குக் கைப்பேசியில் அரை நிமிடம் பதிவு செய்து செயலியில் ஒப்பிடுங்கள். செயலி இன்று இங்கே என்ன இருக்கிறது என்றுதான் சொல்லும், அன்று இருந்ததா என்று சொல்லாது. அந்தச் சோதனையைத் தனியாகச் செய்ய வேண்டும்.

மூன்றாம் படி

குறிப்புகளை அடுக்குவது பற்றி.

மூன்று நோட்டுகளை ஒன்றாக்குங்கள். செய்தி, புத்தகம், இயற்கை என்று பொருள்வாரியாகப் பிரித்ததுதான் உங்கள் சிக்கலின் வேர். நாவலில் ஒரு காட்சி எழுதும்போது உங்களுக்கு «பறவை» வேண்டியதில்லை. «டிசம்பர் காலை, ஜூரோங், ஈரம்» வேண்டும். அதனால் மாதவாரியாக அடுக்குங்கள். பன்னிரண்டு உறை, ஒவ்வொன்றிலும் அந்த மாதத்துக்கான செய்தி நகல், வாசித்த குறிப்பு, கால்வாய்க் கரையில் பார்த்தது எல்லாம் கலந்து. உங்கள் கதைக்கு ஆறு உறை போதும். இந்த ஆண்டு டிசம்பரில் நீங்கள் பார்க்கும் மழை, 1978 டிசம்பர் உறைக்குள் போகும்.

நோட்டில் இடப்பக்கம் உண்மை மட்டும்: தேதி, மணி, இடம், எங்கிருந்து கிடைத்தது. வலப்பக்கம் உங்கள் கற்பனை. இரண்டும் ஒரே பக்கத்தில் கலந்துவிட்டால் சில மாதங்களில் எது பத்திரிகையில் வந்தது, எது நீங்கள் எழுதியது என்று பிரிக்கவே முடியாது. பிறகு உங்கள் சொந்தக் கற்பனையையே ஆதாரமாக நம்பிவிடுவீர்கள்.

வெளியே போகும்போது 2பி பென்சில். ஜெல் பேனா நம் ஊர் மழையில் ஓடிவிடும். நடக்கும் இடத்தை மாற்றாதீர்கள். ஒரே பாலம், ஒரே மரம், வாரம் ஒருமுறை இருபது நிமிடம் நின்று பார்த்தால் மாற்றம் தெரியும். புது இடமாகப் போய்க்கொண்டிருந்தால் பட்டியல்தான் மிஞ்சும்.

பத்திரிகையைக் கத்தரித்து ஒட்டாதீர்கள். அந்தத் தாளில் அமிலம் இருக்கிறது, மஞ்சளாகி நொறுங்கும். ஒட்டுநாடாவின் பசையும் கசிந்து எழுத்தை விழுங்கும். பக்கத்தின் மேல் உள்ள பெயரும் தேதியும் தெரியும்படி நகல் எடுத்து வெள்ளைத் தாளில் வைத்துக்கொள்ளுங்கள். உறைகளை மூடி போட்ட டப்பாவில், ஈரம் உறிஞ்சும் பாக்கெட்டோடு வைத்தால் வெள்ளிப்பூச்சி அண்டாது.

வாசிப்பில் ஒன்றே ஒன்று. 1965 முதல் 2015 வரை வந்த சிங்கப்பூர்த் தமிழ் நூல்கள் பல, மின்மரபுடைமைத் திட்டத்தில் இணையத்தில் இருக்கின்றன. அவற்றில் 1970களில் அச்சானவற்றைக் கதைக்காக அல்ல, புழங்கும் சொற்களுக்காகப் படியுங்கள்: சம்பளத்தை எப்படிச் சொல்கிறார்கள், மேலாளரை எப்படிக் கூப்பிடுகிறார்கள், எதற்கு மலாய்ச் சொல் வருகிறது. அதே வேலைக்குத் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகள் இன்னும் நல்லவை. தமிழிலும் பேட்டிகள் உண்டு. எழுத்தாக்கத்தை மட்டும் படித்துவிட்டு விடாதீர்கள், கேளுங்கள். பேசுகிறவர் எந்த இடத்தில் நிறுத்துகிறார் என்பது தாளில் வராது.

செம்பவாங் வாசகி

மூவருக்கும் நன்றி. உறைகளை இன்றே தொடங்குகிறேன். ஈரநிலம் அவர்களுக்கு இன்னொரு கேள்வி. டிசம்பர் 2 வெள்ளத்தை ஓர் அத்தியாயமாக வைத்திருக்கிறேன். இடி மின்னலோடு தொடங்குகிறது. சரியா?

ஈரநிலம்

இடியைக் குறைத்துவிடுங்கள். பிற்பகலில் இடி மின்னலோடு கொட்டி ஒரு மணி நேரத்தில் ஓய்வது ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மழை. விடியற்காலையில் மேற்கிலிருந்து பலத்த காற்றோடு வந்து ஓரிரு மணியில் கடந்துபோவது சுமத்ரா காற்று மழை, அது ஏப்ரலுக்கும் நவம்பருக்கும் இடையில். டிசம்பர்ப் பருவமழையின் குணம் வேறு. வானம் ஒரே சாம்பலாக மூடிக்கொண்டு, ஒன்று முதல் மூன்று நாள் வரை விட்டுவிட்டோ விடாமலோ பெய்துகொண்டே இருக்கும். குளிரும். துணி காயாது.

1978 டிசம்பர் 2, சனிக்கிழமை. 24 மணி நேரத்தில் 512.4 மில்லிமீட்டர் பதிவானது. நம் ஓராண்டு மழையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் ஒரே நாளில். தாழ்வான இடங்களில் மழை மட்டும் வெள்ளத்தை உண்டாக்குவதில்லை. கடல் ஏற்றத்தில் இருக்கும்போது கால்வாய் நீர் வெளியேற வழியில்லாமல் பின்வாங்கும். ஆகவே தண்ணீர் பாய்ந்து வருவதாக எழுதாதீர்கள். முதலில் கால்வாயின் ஓட்டம் மந்தமாகும், குப்பை ஒரே இடத்தில் சுற்றும், பிறகு தரைமட்டச் சாக்கடை மூடியின் ஓட்டைகள் வழியே தண்ணீர் மேலே வரும். அந்த வீடு எந்த மாடி என்று எழுதுங்கள், அவர்களுக்கு எது எப்போது தெரியும் என்று பார்த்துச் சொல்கிறேன்.