எலெக்ஷன்ல தப்பு நடந்துச்சுன்னு நிரூபிச்சாலே ரிசல்ட் கேன்சல் ஆயிடுமா?

கேள்வி:
தோத்தவங்க கோர்ட்டுக்குப் போறாங்க, விதிமீறல் நடந்தது உண்மைதான்னு ஜட்ஜே சொல்றாரு, ஆனா மனு தள்ளுபடி. இது எப்படிங்க? தப்புன்னா தப்புதானே?

பதில்:
தப்பு நடந்துச்சாங்கறது பாதிதாங்க, அது ரிசல்ட்டை மாத்தியிருக்குமாங்கறதுதான் முக்கியம். 50,000 ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்ச இடத்துல 300 ஓட்டுல குளறுபடின்னா பெரும்பாலும் கோர்ட் கை வைக்காது, ஒழுங்கா ஓட்டு போட்ட மத்த ஜனங்க என்ன பாவம் பண்ணாங்க?

பதில்:
ஆஸ்திரியா 2016 ஜனாதிபதி தேர்தலைப் பாருங்க. வித்தியாசம் சுமார் 31,000, ஆனா தபால் ஓட்டு கவரை நேரத்துக்கு முன்னாடியே பிரிச்சது, இருக்கவேண்டியவங்க இல்லாம எண்ணுனதுன்னு விதிமீறல்ல சிக்குனது 77,000க்கு மேல. யாரும் ஓட்டை மாத்துனதா ஆதாரமே இல்ல, இருந்தும் ரத்து பண்ணி மறுபடி நடத்துனாங்க, அதே ஆளுதான் இன்னும் அதிக வித்தியாசத்துல ஜெயிச்சாரு.

பதில்:
எண்ணிக்கை மட்டும் இல்லங்க. கென்யா 2017 ஜனாதிபதி தேர்தல்ல வித்தியாசம் சுமார் 14 லட்சம், ஆனாலும் ரத்து! ரிசல்ட் பதிவான கம்ப்யூட்டர் சர்வரை பார்க்க விடுங்கன்னு கோர்ட் சொல்லியும் தேர்தல் கமிஷன் முழுசா விடல, அப்புறம் அந்த நம்பரை எதை வச்சு நம்புறது? சரியான தீர்ப்புன்னுதான் சொல்வேன். அங்க 14 நாள்ல தீர்ப்பு சொல்லியாகணும், அதுவும் முக்கியம், வருஷக்கணக்குல இழுத்தா பதவிக்காலமே முடிஞ்சிடும்.